பங்குத் திருப்பலிக்குப் பாடல் தேர்வதும் எழுதுவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாடகர் குழுவில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களும், சொந்தமாகப் பாட்டு எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. உரோமை வழிபாட்டு முறையில் நடக்கும் திருப்பலியை மனத்தில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். திருப்பலி நூலின் முன்பகுதியில் உள்ள பொது விதிமுறையைச் சுருக்கமாக ‘விதிமுறை’ என்று குறிப்பிடுகிறேன்.

ஞாயிறு திருப்பலிக்குப் பாட்டு தேர்வு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

பெரும்பாலான குழுக்கள் பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையிலிருந்து தொடங்குகின்றன. வருகை, காணிக்கை, திருவிருந்து, இறுதி என நான்கு பாட்டு கிடைத்ததும் வேலை முடிந்தது. திருப்பலியின் சொந்தச் சொற்கள் எல்லாம் பேச்சாகப் போய்விடும். நாம் கொண்டுவந்த நான்கு பாட்டு மட்டும் பாட்டாக ஒலிக்கும். திருச்சபை சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிர்.

1967 மார்ச் 5 அன்று வெளியான ‘முசிக்காம் சாக்ராம்’ என்ற உரோமை ஏடு, பாட வேண்டியவற்றை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் குருவும் மக்களும் மாறி மாறிச் சொல்பவை வருகின்றன: தொடக்க வாழ்த்து, நற்செய்தியின்போது சொல்லும் பதில்கள், தொடக்கவுரைக்கு முந்தைய உரையாடல், ‘தூயவர்’, நற்கருணை மன்றாட்டின் முடிவில் வரும் புகழுரை, ஆண்டவர் கற்றுத்தந்த செபம். இரண்டாம் படியில் ‘ஆண்டவரே இரக்கமாயிரும்’, வானவர் கீதம், நம்பிக்கை அறிக்கை, விசுவாசிகள் மன்றாட்டு, ‘உலகின் பாவம் போக்கும் செம்மறி’. வருகைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் எல்லாம் மூன்றாம் படிதான். முதல் படியை விட்டுவிட்டு மூன்றாவதை மட்டும் பாடக் கூடாது என்றும் அந்த ஏடு சொல்கிறது.

ஆகவே முதலில் பங்குத்தந்தையிடம் போய், “நீங்கள் எதைப் பாடுவீர்கள்?” என்று கேளுங்கள். அவருக்குப் பாட வராது என்றால் சரி, ‘தூயவர்’, பெரிய ஆமென் (மேலே சொன்ன புகழுரைக்கு மக்கள் தரும் பதில்), நற்செய்திக்கு முன் வாழ்த்தொலி மூன்றையும் எல்லா ஞாயிறும் பாட்டாக நிலைநிறுத்துங்கள். புத்தக அட்டவணை அதற்கப்புறம்.

அப்புறம் அந்த நாளுக்குப் பொருத்தமான பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நற்செய்தியை முதலில் படியுங்கள். பொதுக்கால ஞாயிறுகளில் முதல் வாசகம் நற்செய்தியோடு பொருந்தும்படி தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும். பதிலுரைப் பாடல் முதல் வாசகத்தின் எதிரொலி. இரண்டாம் வாசகம் பெரும்பாலும் தன் போக்கில் ஒரு திருமுகத்தைத் தொடர்ந்து படித்துக்கொண்டு போகும். மூன்று வாசகங்களையும் ஒரே கருப்பொருளில் கட்ட முயன்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

அதோடு, பலரும் புரட்டாமலே விடும் ஒன்று உண்டு: திருப்பலி நூலில் அந்தந்த நாளுக்கு அச்சாகியிருக்கும் வருகைப் பல்லவியும் திருவிருந்துப் பல்லவியும். அன்றைய வருகைக்குத் திருச்சபை எந்த வசனத்தை நினைக்கிறது என்று அங்கே தெரியும். அதே திருப்பாடலைச் சார்ந்த பாட்டு உங்கள் புத்தகத்தில் இருந்தால் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன: மத்தேயு, மாற்கு, லூக்கா. ஒவ்வொரு ஞாயிறும் பாடியதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று ஆண்டு கழித்து அதே வாசகங்கள் வரும்போது பாதி வேலை குறையும்.

வருகைப் பாடல் எவ்வளவு நேரம் நீளலாம்?

விதிமுறையின் 47ஆம் எண் இதற்கு நான்கு வேலை கொடுக்கிறது: கொண்டாட்டத்தைத் தொடங்கிவைப்பது, கூடியிருப்போரை ஒன்றாக்குவது, அந்தக் காலத்தின் அல்லது விழாவின் மறைபொருளுக்குள் மனத்தைக் கொண்டுபோவது, பவனியோடு கூடப் போவது. குரு பீடத்தை வணங்கி, தூபம் இருந்தால் தூபமும் காட்டித் தம் இருக்கைக்கு வந்துவிட்டால் பவனி முடிந்தது. ஆனால் முதல் சரணத்தோடு வெட்டினால் மக்கள் ஒன்றாவதற்குள் பாட்டு போய்விடும். இரண்டு சரணம் என்பது நல்ல அளவு. நீண்ட முன்னிசையும் இடையிசையும்தான் நேரத்தை விழுங்குகின்றன. வெட்டுவதானால் அவற்றை வெட்டுங்கள்.

பதிலுரைப் பாடலுக்குப் பதிலாக ஒரு நல்ல தியானப் பாடலைப் பாடலாமா?

கூடாது. 61ஆம் எண் இதைத் தெளிவாகவே தடுக்கிறது. பதிலுரைப் பாடல் இரு வாசகங்களுக்கு நடுவே வரும் இடைவேளைப் பாட்டு இல்லை, அதுவே இறைவார்த்தை. ‘தியானப் பாடல்’ என்று அழைத்துப் பழகியதால் வந்த குழப்பம் இது.

வாரம் ஒரு புது மெட்டு போட முடியவில்லை என்பது நியாயமான சிரமம். அதற்கும் விதிமுறையிலேயே வழி இருக்கிறது. ஒவ்வொரு திருவழிபாட்டுக் காலத்துக்கும் பொதுவான பதிலுரைகளும் திருப்பாடல்களும் வாசக நூலில் தரப்பட்டுள்ளன. அன்றைய பாடலுக்குப் பதில் அவற்றைப் பாடலாம். தவக்காலம் முழுக்க ஒரே பதிலுரையைப் பாடினால் மூன்றாம் வாரத்தில் குழந்தைகளும் சேர்ந்துகொள்வார்கள். பதிலுரையை மட்டுமாவது பாடி, அடிகளை வாசிக்கலாம். அடிகளைப் பாட ஆள் இருந்தால், வரியின் பெரும்பகுதியை ஒரே சுரத்தில் சொல்லிக் கடைசி இரண்டு மூன்று அசைகளில் மட்டும் சுரத்தை மாற்றும் எளிய முறை போதும்.

வானவர் கீதம், ‘தூயவர்’ ஆகியவற்றின் சொற்களைச் சற்று மாற்றி இனிமையாக்கலாமா?

இல்லை. வானவர் கீதத்துக்குப் பதில் வேறு பாடம் வைக்கக் கூடாது என்கிறது 53ஆம் எண். திருப்பலி அமைப்பில் உள்ள மற்றவற்றுக்கும் இதே விதி என்கிறது 366. ‘தூயவர், தூயவர்’ என்று தொடங்கி நடுவில் சொந்தக் கற்பனையில் போய்விடும் மெட்டுகள் பல பங்குகளில் புழங்குகின்றன. மெட்டு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் அவற்றை மெதுவாக விலக்கிவிடுவதே முறை. மெட்டில் எவ்வளவு வேண்டுமானாலும் புதுமை செய்யுங்கள், சொல்லில் கைவைக்காதீர்கள்.

சமாதானம் பகிரும்போது ஒரு பாட்டு பாடுகிறோமே?

உரோமை முறையில் சமாதானப் பாடல் என்று ஒன்று கிடையாது. 2014 ஜூன் மாதம் வத்திக்கானின் திருவழிபாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றறிக்கை இதைப் பெயர் சொல்லியே தவிர்க்கச் சொன்னது. இந்தப் பாட்டினால் அடிபடுவது ‘உலகின் பாவம் போக்கும் செம்மறி’தான். அப்பம் பிட்கும் சடங்கோடு சேர்ந்தது அது. சடங்கு முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்பப் பாடலாம். சமாதானப் பாட்டுக்குச் செலவிடும் நேரத்தை அங்கே கொடுங்கள்.

திருவிருந்துப் பாடலை எப்போது தொடங்குவது? எப்படிப்பட்ட பாட்டு நல்லது?

குரு நற்கருணை உட்கொள்ளும்போதே தொடங்க வேண்டும் (எண் 86). குருவுடையதும் மக்களுடையதும் ஒரே திருவிருந்து என்பதை அது காட்டுகிறது. பாடகர்கள் உட்கொள்ள வசதி செய்து தர வேண்டும் என்பதும் அதே எண்ணில் உள்ளது. இதை யாராவது நினைவூட்டினால்தான் நடக்கிறது!

வரிசையில் நடந்து வருபவர் கையில் புத்தகம் இருக்காது. ஆகவே மனப்பாடமாகும் அளவுக்குச் சிறிய பல்லவியை எல்லாரும் பாட, சரணங்களைக் குழு பாடும் அமைப்பே இங்கே சிறப்பு. திருப்பாடல் 34 மிகப் பழைய திருவிருந்துப் பாடல்; 4ஆம் நூற்றாண்டில் எருசலேமில் பாடப்பட்டதற்குச் சான்று இருக்கிறது. ஆண்டவரின் இனிமையைச் சுவைத்துப் பார்க்க அழைக்கும் அந்த அடியை மிஞ்சும் வரியை நாம் எழுதிவிடப் போவதில்லை.

விதிமுறை இந்தப் பாட்டிலிருந்து எதிர்பார்ப்பது மூன்று: குரல்கள் ஒன்றாவதால் வெளிப்படும் ஒன்றிப்பு, உள்ளத்தின் மகிழ்ச்சி, கூடி வரும் சமூகத்தின் பண்பு. ‘நானும் நீயும் மட்டும்’ என்ற தொனியில் கண்ணை மூடிப் பாடும் தனிப்பாட்டுகள் இந்த இடத்துக்கு ஒத்துவராது என்பது என் கருத்து. உட்கொண்டு முடிந்தபின் வரும் அமைதியில் அவை பொருந்தலாம். அந்த அமைதியையும் தினம் தினம் பாட்டால் நிரப்ப வேண்டியதில்லை. 88ஆம் எண் அமைதியாகச் செபிப்பதைத்தான் முதலில் சொல்கிறது. சேர்ந்து பாடுவது விருப்பம் இருந்தால்.

காணிக்கைப் பாடலும் இறுதிப் பாடலும்?

காணிக்கைப் பாடல் குறைந்தது காணிக்கைகள் பீடத்தில் வைக்கப்படும் வரை நீடிக்க வேண்டும். ‘காணிக்கை’ என்ற சொல் வரும் பாட்டாகவே இருக்க வேண்டும் என்பதில்லை, அந்த நாளின் கருப்பொருளைப் பாடலாம். இறுதிப் பாடல் திருப்பலி அமைப்பிலேயே இல்லை. அது வழக்கம் மட்டுமே. ஒரு வாரம் விட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

தவக்காலத்தில் இசைக்கருவிகளை நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்த வேண்டாம். பாட்டைத் தாங்குவதற்கு மட்டும் வாசியுங்கள். தனி இசை கிடையாது. நான்காம் ஞாயிறும், இடையில் வரும் பெருவிழாக்களும் விழாக்களும் விதிவிலக்கு (313). திருவருகைக்காலத்தில் கருவிகள் அளவோடு இருக்கலாம். பெரிய வியாழன் மாலையின் வானவர் கீதம் முடிந்ததிலிருந்து பாஸ்கா திருவிழிப்பின் வானவர் கீதம் வரை பாட்டுக்குத் துணையாக மட்டுமே.

அடிக்கடி நழுவும் இடம் ஒன்று: தவக்காலத்தில் அல்லேலூயா கிடையாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் தேர்ந்தெடுத்த காணிக்கைப் பாட்டின் மூன்றாம் சரணத்தில் அது ஒளிந்திருக்கும். கடைசி வரி வரை படித்துப் பாருங்கள்.

மக்கள் ஏன் பாடுவதே இல்லை?

பக்திக் குறைவு என்று சொல்வதற்கு முன் சுருதியைப் பாருங்கள். நடு ஸ்தாயி ‘சி’யிலிருந்து மேல் ‘டி’ வரைக்குள் பாட்டு அடங்கினால் பெரும்பாலோர் பாடிவிடுவார்கள். குழுவின் முதன்மைப் பாடகருக்கு வசதியான ஸ்கேல் அவர்களுக்கு எட்டாது. அந்தப் பாடகர் பளிச்சென்று தெரிய வேண்டும் என்றே உயர்த்தி வைக்கும் வழக்கம் உண்டு. காலைத் திருப்பலி என்றால் இன்னும் அரைச் சுரம் இறக்கலாம்.

அடுத்தது ஒலிபெருக்கி. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பாட்டு பிடிபட்டதும் மைக்கின் சத்தத்தைக் குறையுங்கள். மக்கள் பாடுகிறார்களா என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது, ஓயாமல் மாற்றுவது. குழுவுக்கு ஒரு பாட்டு அலுத்துப்போகும் சமயத்தில்தான் மக்கள் அதைப் பாடத் தொடங்கியிருப்பார்கள். புதுப் பாட்டு என்றால் மாதத்துக்கு ஒன்று போதும். திருப்பலி தொடங்குமுன் இரண்டு நிமிடம் பல்லவியை மட்டும் சொல்லிக்கொடுத்து, அடுத்தடுத்த வாரங்களில் விடாமல் பாடுங்கள்.

குழு மட்டும் பாடும் பாட்டே கூடாது என்பதில்லை; பல குரல் இசைக்கு இடமுண்டு. மக்களுக்குரிய பகுதிகளிலிருந்து அவர்களை முழுக்க ஒதுக்கி எல்லாவற்றையும் குழுவே பாடுவதைத்தான் 1967 ஏடு கண்டிக்கிறது.

சினிமா மெட்டில் பக்திச் சொற்களைப் போட்டுப் பாடலாமா?

வேண்டாம். 1903 நவம்பர் 22 அன்று பத்தாம் பயஸ் திருத்தந்தை வெளியிட்ட ஏடு, அக்காலத்து நாடக மேடைப் பாணி கோவிலுக்குள் நுழைவதைக் கடுமையாகச் சாடியது. காலம் மாறினாலும் காரணம் மாறவில்லை. மெட்டு தன்னோடு பழைய சொற்களையும் காட்சியையும் இழுத்துக்கொண்டு வரும். கேட்பவர் மனத்தில் ஓடுவது நீங்கள் எழுதிய வரி அல்ல. போதாக்குறைக்கு அந்த மெட்டுக்கு உரிமையாளர் ஒருவர் இருக்கிறார்.

மெட்டு போடத் தெரியாதவருக்கு நேர்மையான வழி ஒன்று உண்டு. புனித அம்புரோஸ் 4ஆம் நூற்றாண்டில் மிலான் மக்களுக்காக எழுதிய பாட்டுகள் அடிக்கு எட்டு அசை, சரணத்துக்கு நான்கு அடி என்ற கட்டில் அமைந்தவை. இந்தக் கட்டில் எழுதிய எதையும் அதே கட்டுக்குரிய எந்தப் பழைய மெட்டிலும் பாடலாம். புனித தாமஸ் அக்குவினாஸ் எழுதிய நற்கருணைப் பாட்டு எட்டும் ஏழுமாக மாறி வரும் ஆறு அடிகள் கொண்டது; அந்தக் கட்டுக்கும் பழைய மெட்டுகள் ஏராளம். நூற்றாண்டுகளாகப் பாடப்பட்டவை என்பதால் உரிமைச் சிக்கலும் இருக்காது.

கிரகோரியன் இசைக்கு (உரோமைத் திருச்சபையின் பழைய இலத்தீன் பாட்டு முறை) இன்னும் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 1963 டிசம்பர் 4 அன்று வெளியான இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, மற்றவை சமமாக இருக்கும்போது அதற்கே முதலிடம் என்கிறது (116). எளிதான ‘கீரியே’ (‘ஆண்டவரே இரக்கமாயிரும்’) ஒன்றும் ‘ஆக்னுஸ் தேயி’ (‘உலகின் பாவம் போக்கும் செம்மறி’) ஒன்றும் பழகிக்கொண்டால் வேறு மொழி பேசுகிறவர்களோடு சேரும் திருப்பலிகளில் கைகொடுக்கும்.

சொந்தமாகப் பாட்டு எழுத ஆசை. எப்படித் தொடங்குவது?

எந்த இடத்துக்கு எழுதுகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டுத் தொடங்குங்கள். ‘பொதுவாக ஒரு பக்திப் பாட்டு’ எல்லா இடத்துக்கும் பொருந்துவதுபோல் தோன்றி எங்குமே பொருந்தாமல் போகும். சங்க ஏட்டின் 121ஆம் எண் ஊற்றுகளைக் காட்டியிருக்கிறது: பாடங்கள் கத்தோலிக்கப் போதனைக்கு இசைந்தவையாக, முக்கியமாக மறைநூலிலிருந்தும் திருவழிபாட்டிலிருந்தும் எடுக்கப்பட்டவையாக இருக்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு ஒரு திருப்பாடலை எடுங்கள். அதன் ஓட்டம் எங்கே திரும்புகிறது என்று கவனியுங்கள். புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடியும் திருப்பாடலில் நம்பிக்கையை மட்டும் பொறுக்கி எழுதினால் பாட்டு சப்பென்று ஆகிவிடும். பல்லவியில் ஒரே ஒரு கருத்து வையுங்கள். சரணங்கள் முன்னேற வேண்டும். இரண்டாம் சரணத்தையும் மூன்றாம் சரணத்தையும் இடம் மாற்றினால் எதுவும் கெடவில்லை என்றால் ஒன்று தேவையில்லை என்று பொருள்.

தமிழில் எழுதும்போது குறிப்பாகக் கவனிக்க வேண்டியது என்ன?

குறிலையும் நெடிலையும் முதலில் கவனியுங்கள். நீண்ட சுரத்தில் குறில் விழுந்தால் சொல்லே மாறும். ‘மனம் தந்தேன்’ என்பதில் முதல் எழுத்தை இழுத்துப் பாடினால் ‘மானம் தந்தேன்’ ஆகிவிடும். மூச்சு விடும் இடமும் அப்படித்தான். ‘உம்மை மறவேன்’ என்ற வரியை ‘உம்மை மற’ என்று நிறுத்தி மூச்சு வாங்கினால் சபை முழுவதும் எதிர்மாறாக வேண்டிக்கொள்ளும். எழுதியதும் மெட்டோடு சத்தமாகப் பாடிப் பாருங்கள். தாளில் படிக்கும்போது இவை கண்ணில் படாது.

‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு இன்னொன்று. கடவுளை நோக்கிப் பேசும்போது ‘நாம் பாவிகள்’ என்றால் கேட்கிற கடவுளையும் சேர்த்துக்கொண்டதாகிவிடும். ஒருவரை ஒருவர் அழைக்கும் வரியில் ‘நாம்’, மன்றாடும் வரியில் ‘நாங்கள்’. அதேபோல் ‘நீர்’ என்று தொடங்கிய பாட்டு எதுகைக்காக ‘உன் பாதம்’ என்று தாவக் கூடாது. பக்தி மரபில் இரண்டுமே உண்டு. ஒரு பாட்டுக்குள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எதுகையும் மோனையும் மனப்பாடத்துக்கு உதவும். அவற்றுக்காகத் ‘தேனே, மானே’ வகைச் சொற்களை அடுக்க ஆரம்பித்தால் பேனாவைக் கீழே வைத்துவிடலாம்.

போதனைப் பிழை என்று எதைச் சொல்கிறார்கள்? பாட்டில் கவிதைக்கு இடம் இல்லையா?

கவிதைக்கு நிறைய இடம் உண்டு. உவமையை யாரும் தடுப்பதில்லை. அமெரிக்க ஆயர்களின் கோட்பாட்டுக் குழு 2020இல் பாடல் வரிகளைச் சோதிக்க ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் முதலில் நிற்பது நற்கருணை. வசீகரத்துக்கு (அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுவதற்கு) பிறகும் வெறும் அப்பம், வெறும் இரசம் என்றே பாடுவது, பலி என்ற பொருளே வராமல் விருந்தாக மட்டும் காட்டுவது ஆகியவற்றை அது சுட்டிக்காட்டுகிறது. மூவொரு கடவுளைப் பற்றிய குழப்பம், திருச்சபையை மனிதர்கள் கட்டிய அமைப்பாகக் காட்டுவது, இயேசுவின் சாவுக்கு யூத மக்கள்மேல் பழிபோடுவது முதலியனவும் அதில் உண்டு.

நான் கூடுதலாக ஒன்றைப் பார்ப்பேன். பாட்டில் கடவுள் என்ன செய்தார் என்று எத்தனை வரி, நாம் என்ன உணர்கிறோம், என்ன செய்யப் போகிறோம் என்று எத்தனை வரி? இரண்டாவது மிகுந்துபோனால் திருத்துங்கள்.

பாட்டில் ‘யாவே’ என்று எழுதலாமா?

திருவழிபாட்டில் பாடக் கூடாது. 2008 ஜூன் 29 தேதியிட்ட திருவழிபாட்டுப் பேராயத்தின் மடல், எபிரேயத்தில் நான்கு எழுத்துகளால் ஆன அந்தத் திருப்பெயரைப் பாடல்களிலும் செபங்களிலும் உச்சரிக்க வேண்டாம் என்கிறது. யூதர்கள் அதை உச்சரிப்பதில்லை. தொடக்கத் திருச்சபையும் ‘ஆண்டவர்’ என்றே சொல்லிவந்தது. ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள பாட்டில் ‘ஆண்டவர்’, ‘இறைவா’ என்று மாற்றுவதானால் எழுதியவரிடம் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

எழுதி முடித்த பாட்டை அடுத்த ஞாயிறே பாடலாமா?

அவசரம் வேண்டாம். வருகை, காணிக்கை, திருவிருந்துக்கு வேறு பாடல்கள் பாட விதிமுறையின் 48, 74, 87ஆம் எண்கள் அனுமதிக்கின்றன. ஆனால் அவை ஆயர் பேரவையின் அல்லது மறைமாவட்ட ஆயரின் ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும். வரிகளைப் பங்குத்தந்தையிடம் கொடுத்து, மறைமாவட்டத் திருவழிபாட்டுக் குழுவுக்கு அனுப்பும் முறையைக் கேளுங்கள். காத்திருக்கும் நாள்களில் செபக் கூட்டங்களில் பாடிப் பாருங்கள். கருவி இல்லாமல், இசை தெரியாத நாலு பேர் இரண்டாம் முறையிலேயே பல்லவியைப் பிடித்துக்கொண்டால் மெட்டு தேறிவிட்டது. பிடிக்க முடியாமல் தடுமாறும் சுரத்தைக் குறித்துக்கொண்டு, அதை மாற்றுங்கள்.

பிறர் பாட்டுகளை அச்சிடவும் திரையில் காட்டவும் அனுமதி வேண்டுமா?

வேண்டும். பாடுவதற்குச் சட்டம் சலுகை தரும் நாடுகளிலும் அச்சிடுவது, நகலெடுப்பது, நேரலையில் ஒளிபரப்புவது எல்லாம் தனித்தனி விஷயம். பதிப்புரிமை எழுதியவர் இறந்தபின்னும் நாட்டுக்கு நாடு 50, 60 அல்லது 70 ஆண்டுகள் நீடிக்கும். வரிக்கு ஒருவர், மெட்டுக்கு ஒருவர் உரிமையாளராக இருக்கலாம் என்பதால் இருவரிடமும் கேளுங்கள். பெரும்பாலான பாடலாசிரியர்கள் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். பங்குப் பாட்டுப் புத்தகத்தில் பாட்டுக்குக் கீழே அவர்கள் பெயரைச் சரியாகப் போட்டுவிடுங்கள்.